ரெஜினா அக்காவோடு கடைக்குப் போனவள்

ரெஜினா அக்கா இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவள், அவரை ஒருமுறைகூட நேரில் பார்க்காதவள்.

அன்று காலை சுகாதார நிலையத்தில் நல்ல கூட்டம். நான் மருந்துக் கவுன்ட்டரில் நின்று ஒரு குழந்தைக்கு இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. உடனே மறுபடியும் வந்தது.

"தேவு அக்காங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

என் பெயர் தேவகி. தேவு என்று என்னைக் கூப்பிடுகிறவர் ஒருவர்தான்.

"நான் சேலத்திலிருந்து கனகா பேசறேனுங்க்கா. சேலை லைவ் போடுவேன்ல, அந்தக் கனகா. ரெஜினா அக்கா நாலஞ்சு நாளா லைவுக்கு வரலைன்னு போன் பண்ணினேன். அவங்க பையன் எடுத்தாரு. அக்கா விடிகாலையில தவறிட்டாங்களாம். அதுக்கு மேல அவரால பேச முடியல. உங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களோ என்னமோன்னுதான் கூப்பிட்டேன்."

அக்கா எதை வாங்கினாலும் முகவரியில் தன் எண்ணுக்குக் கீழே என் எண்ணையும் போடுவார். ஏரிக்கரையில் அவர் வீட்டில் சிக்னல் வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. அப்படித்தான் என் எண் அவளிடம் போயிருக்கிறது. முட்டி வலி என்று சொல்லி அக்கா அந்த வாரம் லீவில் இருந்தார்.

அவர் வீட்டுக்கும் சுகாதார நிலையத்துக்கும் நடுவில் ஒரு மீன் ஏலக்கூடமும் ஒரு தெருவும்தான் இருக்கின்றன. செய்தி அந்தத் தெருவைத் தாண்டி வராமல் சேலத்துக்குப் போய், அங்கிருந்து என்னிடம் வந்தது. எனக்கு அழுகைக்கு முன்னால் வந்தது எரிச்சல். இவளுக்கு எப்படி எனக்கு முன்னால் தெரியலாம் என்ற எரிச்சல். நினைவஞ்சலியில் எழுதத்தக்க விஷயமா இது என்று கேட்பீர்கள். இதை விட்டுவிட்டு எழுதினால் அது ரெஜினா அக்காவையும் என்னையும் பற்றியதாக இருக்காது.

உங்களில் பலருக்கு அவரை என்னைவிட முன்பே தெரியும். ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் இன்று படகு ஓட்டுகிறவர்கள், மீன் விற்கிறவர்கள், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்று எத்தனையோ பேருக்கு முதல் தடுப்பூசி போட்ட கை அவருடையது. கிராம சுகாதார செவிலியராக, தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு படகேறிப் பசியாவரம் தீவுக்குப் போய் வந்தவர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த கணவர் இறந்த பிறகு, ஒரே மகன் ஜஸ்டினைத் தனியாக வளர்த்து ஆளாக்கியவர். இதையெல்லாம் அடக்கத்தன்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். நன்றாகவே சொன்னார். ஆனால் கடைக்குப் போகும்போது ரெஜினா அக்கா எப்படி இருப்பார் என்பது அவருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அது எனக்குத் தெரிந்த ரெஜினா அக்கா.

நான் காட்டூர்க்காரி. வீட்டில் நெல் விவசாயம். மருந்தாளுநர் வேலை கிடைத்துப் பழவேற்காட்டுக்கு வந்த முதல் வாரத்தில், சாப்பாட்டு நேரத்தில் அவர் கவுன்ட்டருக்கு வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்தப் பொடவைய யாரு எடுத்துக் குடுத்தது?"

"எங்க மாமியார்க்கா."

"அதான் பார்த்தேன். அவங்களுக்குப் புடிச்சத உனக்கு எடுத்துகிறாங்க. சனிக்கிழமை என்கூட வா."

பொன்னேரியில் ரயிலேறி, கொருக்குப்பேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகள். அன்று தொடங்கிய பழக்கம் அது. பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், மாதா கோயில் திருவிழா, யார் வீட்டுக் காதுகுத்தாக இருந்தாலும் நாங்கள் இருவர்தான் போவோம். எங்கே போகிறாய் என்று என் கணவர் கேட்பதையே நிறுத்திவிட்டார்.

கடைக்குள் நுழைந்ததும் ரெஜினா அக்காவின் முகம் மாறிவிடும். ஊசி போடும்போது இருக்கிற இளக்கமெல்லாம் போய், யாரோ அவசரமாகக் காத்திருக்கிறார்கள் என்பதுபோல ஒரு அலட்சியம் வந்து உட்கார்ந்துகொள்ளும். "புடிச்சதத் தொடாத, தேவு. தொட்டீன்னா அவன் கண்டுக்குவான்" என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் சட்டம். நான் அதை மீறினேன். மயில் கழுத்து நிறத்தில் ஒரு புடவையைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. கடைக்காரர் அதற்கப்புறம் விலையிலிருந்து இறங்கவே இல்லை. ரெஜினா அக்கா எழுந்து வெளியே போனார். நான் பின்னால் ஓடினேன். இரண்டு கடை தள்ளி நின்று நிதானமாக மோர் வாங்கிக் குடித்தார். எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு அதே கடைக்குள் போய், வேறொரு விற்பனையாளர் முன்னால் உட்கார்ந்து, "இந்தப் பொண்ணோட மாமியாருக்கு ஒரு பொடவ வேணும். வயசானவங்க, எதா இருந்தாலும் கட்டிக்குவாங்க" என்றார். மயில் கழுத்துப் புடவை எங்கள் விலைக்கே வந்தது.

எனக்கான புடவையை நான் எடுத்தது அரிது. அவர்தான் எடுப்பார். கடுகு மஞ்சளில் ஒன்றை என் தோளில் போட்டுப் பார்த்தபோது, எனக்கு இது நன்றாக இருக்காது என்றேன். "உன் மூஞ்சி உனக்குத் தெரியாது. தினம் அத பார்த்துக்கினு இருக்கிறது நானு" என்றார். அதைக் கட்டிக்கொண்டு போன கல்யாணத்தில் என் நாத்தனார்கூட நன்றாக இருக்கிறது என்றாள்.

அவருக்கென்று தேடி நாங்கள் தோற்றுப்போன பொருள் ஒன்று உண்டு. செருப்பு. ரெஜினா அக்காவின் பாதம் அகலம். ஈரப் படகில் ஏறி இறங்கவும் சேற்றில் நடக்கவும் வழுக்காத, பின்னால் வார் வைத்த செருப்பு வேண்டும். பெண்கள் செருப்பில் அந்த அகலம் இல்லை. ஆண்கள் செருப்போ அவர் காலுக்கு நீளம் அதிகம். பொன்னேரிக் கடைத்தெருவில், வண்ணாரப்பேட்டையில், ஒருமுறை பாரிமுனை வரைக்கும் போய், நாங்கள் ஏறி இறங்காத செருப்புக் கடை இல்லை. ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்புவோம். ஒவ்வொரு முறையும், "போனாப் போவுது, அடுத்த தடவ பார்த்துக்கலாம்" என்பார். அந்தச் செருப்பு கிடைக்காமலே இருக்கட்டும் என்றுகூட நான் உள்ளூர நினைத்ததுண்டு. தேடுவதற்கு ஒன்று இருக்கிற வரையில் போவதற்கும் ஒரு காரணம் இருக்கும்.

ஊரடங்கில் ரயிலும் பஸ்ஸும் நின்றன. ஜஸ்டின் அம்மாவுக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்தான். சில வாரம் கழித்து ஒருநாள், பார்சல் கொண்டுவருகிறவர் என் கவுன்ட்டரில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். ரெஜினா அக்கா ஓடிவந்து பிரித்தார். உள்ளே கறுப்பு நிறத்தில், அகலமாக, அடியில் பள்ளம் பள்ளமாகக் கோடு போட்ட செருப்பு. மாட்டிக்கொண்டு, ஊசி போடுகிற அறையிலிருந்து வாசல் வரைக்கும் நடந்து காட்டினார்.

"இன்னா தேவு, பார்த்தியா. உக்கார்ந்த எடத்துல கெடச்சிருச்சு. அகலத்த கேக்குது, போட்டோ போட்டுக் காட்டுது, வேணான்னா திருப்பி எடுத்துக்கிதாம்."

"அவ்வளவு ஒண்ணும் நல்லா இல்லக்கா. கறுப்பு உங்களுக்கு எடுக்கல" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் எதற்காக அப்படிச் சொன்னேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அந்தச் செருப்பின் மேலேயே கோபம். இத்தனை வருடம் இரண்டு பேர் கால் நோக நடந்து கண்டுபிடிக்காததை, ஒரு கண்ணாடித் துண்டு படுக்கையில் படுத்துக்கொண்டே கண்டுபிடித்துவிட்டது.

அதன்பின் பார்சல் வராத நாள் குறைந்துபோனது. ரெஜினா அக்கா வீட்டு முகவரி, மாதா கோயிலுக்குப் பின்னால், வலை காயப்போடுகிற மைதானத்துக்கு எதிரில் என்று இருக்கும். எந்தப் பார்சல்காரரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அதனால் எல்லாம் சுகாதார நிலையத்தின் பெயருக்கு, என் கவுன்ட்டருக்கு வரும். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பேன். குக்கர் வளையம், தரை துடைக்கிற குச்சி, பேரப்பிள்ளைக்குச் சட்டை. பசியாவரத்துக்கு ஊசி போடப் போகும்போது அங்குள்ள பெண்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள். பார்சல்காரர் படகேற மாட்டார் என்பதால் அவர்களுக்கும் ரெஜினா அக்காதான் வழி. முன்பெல்லாம் மீன் விற்றுவிட்டுப் பொன்னேரிக் கடைத்தெருவில் ஏறி இறங்கி, உச்சிவெயிலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் அவர்கள். இப்போது, "நர்சம்மா, இந்த மாரி நைட்டி ஒண்ணு ஆர்டர் போடு" என்று போனைக் காட்டுகிறார்கள்.

செல்வி என்கிற பெண் தன் மகள் சடங்குக்குப் பட்டுப்பாவாடை கேட்டிருந்தாள். அரக்கு நிறம் கேட்டதற்குப் பச்சை வந்து சேர்ந்தது. படகுத்துறையிலேயே உட்கார்ந்து செல்வி அழுதாள். ரெஜினா அக்கா பதறவில்லை. "பிரிக்கும்போதே வீடியோ எடுத்துகிறேன்டி. ஆதாரம் கீது. அழுவாத" என்றார். அன்று மாலையே திருப்பி அனுப்பினார். சடங்குக்கு முன்னால் அரக்குப் பாவாடை வந்தது. செல்வி அவருக்கு ஒரு கூடை நண்டு கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கும் அதில் பங்கு வந்தது. தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. ஆனால் கலர் பார்ப்பதும் துணி பார்ப்பதும் எங்கள் இருவருக்கு மட்டுமான பேச்சாக இருந்தது. அது இப்போது ஏரி முழுக்கப் பேச்சாகிவிட்டது. அந்த நண்டைத் தின்னும்போதும் எனக்கு அதுதான் நினைப்பு.

பிறகு கனகா வந்தாள்.

மத்தியானம் மூன்று மணிக்கு, நோயாளிகளெல்லாம் போன பிறகு, ரெஜினா அக்கா போனைத் தண்ணீர்ப் பாட்டில் மேல் சாய்த்துவைத்து உட்காருவார். திரையில் ஒரு பெண் சேலைகளை விரித்து, முந்தானையைக் காட்டி, மடித்து, அடுத்ததை விரித்துக்கொண்டே இருப்பாள். பார்க்கிறவர்கள் எழுதி அனுப்புவதை நடுநடுவே படித்துப் பெயர் சொல்லி வணக்கம் சொல்வாள். "பழவேற்காடு நர்ஸ் அக்கா வந்துட்டாங்க. வாங்கக்கா. சாப்டீங்களா. உங்களுக்குன்னே ஒரு கலர் எடுத்து வெச்சிருக்கேன்."

அதைக் கேட்டதும் ரெஜினா அக்கா முகத்தில் ஒரு சிரிப்பு வரும். எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். எம்.சி. ரோட்டில் கடையை விட்டு வெளியே வந்ததும், ஜெயித்துவிட்டோம் என்று என்னைத் திரும்பிப் பார்க்கும்போது வருகிற சிரிப்பு அது. அது என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"முன்ன பின்ன தெரியாதவங்கள அக்கா அக்கான்னு கூப்பிட்டு விக்கிறா. எல்லாருக்கும் இதையேதான் சொல்லுவா" என்றேன் ஒருநாள்.

"சொல்லட்டுமே. சாப்டியான்னு கேக்குது. ஜஸ்டின் கூடத்தான் அப்பப்ப கேக்க மறந்துடுறான்."

நானும் விடவில்லை. என் போனிலும் அந்த லைவைத் திறந்தேன். காட்டூர் தேவகி என்று பெயர் போட்டு ஒரு காப்பிக்கொட்டை நிறச் சேலை கேட்டேன். "காட்டூர் தேவகி அக்கா புதுசா வந்திருக்காங்க, வாங்கக்கா" என்றாள் கனகா. பக்கத்து நாற்காலியில் ரெஜினா அக்கா கைதட்டினார். "பார்த்தியா, உன் பேரையும் சொல்லிச்சு" என்றார். அவர் சந்தோஷப்பட்ட அளவுக்கு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சேலை வந்தது. நல்ல சேலை. குறை சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மாதத்துக்கு ஒருமுறையாவது நான் கேட்பேன். "அக்கா, சனிக்கிழமை வண்ணாரப்பேட்டை போலாமா?" மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கண் விரிய, "போலாமே" என்பார். எந்தக் கடைக்கு முதலில் போவது, எங்கே சாப்பிடுவது என்று வெகுநேரம் பேசுவார். வெள்ளிக்கிழமை ஆனால் ஒரு காரணம் வரும். பேரனுக்குச் சளி. ஜஸ்டினுக்கு இரட்டை ஷிப்ட். தீவுக்குப் போகிற வேலையையும் முட்டி வலி என்று சொல்லி எழுதிக் கொடுத்து, கரையிலேயே பார்க்கிற வேலையாக மாற்றி வாங்கிக்கொண்டார். போன் கையில் இருந்தால் யாருக்குத்தான் எழுந்து நடக்கத் தோன்றும் என்று நான் நினைத்தேன்.

ஒரே ஒருமுறை பொன்னேரி ஸ்டேஷன் வரைக்கும் வந்தார். ரயில் வர நேரம் இருந்தது. எதிர் பிளாட்பாரத்துக்குப் போக மேம்பாலப் படி ஏற வேண்டும். நான் பாதிப் படி ஏறித் திரும்பிப் பார்த்தால், அவர் கீழேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"தேவு, இன்னிக்கு மூணு மணிக்கு கனகா புது டிசைன் காட்டுதாம். திரும்பிடலாமா?"

படி இறங்கி வந்து அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழவேற்காடு பஸ்ஸில் முன் சீட்டில் அவர், பின் சீட்டில் நான். திங்கட்கிழமை கவுன்ட்டரில் எனக்கு ஒரு பொட்டலம் மசால் கடலையை வைத்துவிட்டுப் போனார். நானும் சாப்பிட்டுவிட்டுப் பேசத் தொடங்கினேன். எங்கள் சண்டை எல்லாமே அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மருமகள் ஷீலா என்னை உள்ளே கூப்பிட்டு, அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். "ஆன்ட்டி, இந்த மாத்திரையெல்லாம் மீதி கீது. வீசிடறதா, ஆஸ்பத்திரில குடுக்கறதான்னு தெரியல."

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தினமும் எண்ணிக் கொடுக்கிற மாத்திரைகள். ஒன்று உடம்பில் சேருகிற நீரை இறக்குவது. மற்றவை பலவீனமான இதயத்துக்கு. ஷீலாவுக்கு அவர் சொல்லியிருந்தது பிரஷர் என்று மட்டும். டப்பாவின் அடியில் இருந்த சீட்டைப் பார்த்தால், இரண்டு வருடத்துக்கு முன்பே சென்னையில் ஒரு டாக்டரிடம் தனியாகப் போய்க் காட்டியிருக்கிறார். அந்த டாக்டர் எழுதிய மாத்திரைகளை மாதா மாதம் போனிலேயே வரவழைத்திருக்கிறார். கடைப் பெயர் எதுவும் போடாத சாதாரணக் காக்கி உறை; என்னிடம் பவுடர் என்று சொல்லியிருந்தார். அதையும் சுகாதார நிலையத்துக்குத்தான் வரவழைத்திருக்கிறார். நானே கையெழுத்துப் போட்டு வாங்கி, "அக்கா, உங்க பவுடர் வந்திருக்கு" என்று அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

அந்த மாத்திரைகள் எல்லாம் என் அலமாரியில் இருந்தன. இலவசமாக, கை நீட்டினால் எடுக்கிற தட்டில். ஊரில் யார் யாருக்கோ எண்ணிக் கொடுத்தேன். அவருக்கு ஒரு மாத்திரைகூட என் கையால் போகவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்குக் கனகா வந்தாள். வருகிறேன் என்று போன் செய்தபோது நான் எதிர்பார்க்கவில்லை. ராத்திரி பஸ் பிடித்துச் சென்னை வந்து, பொன்னேரி வந்து, பழவேற்காடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். ஷீலாவுக்கு வீட்டில் வேலை இருந்ததால், கூட்டி வர நான்தான் போனேன். திரையில் பார்த்த பெண்தானா என்று சந்தேகமாக இருந்தது. அங்கே நிறைய நகையும் பெரிய குரலுமாக இருப்பாள். இங்கே சாயம் போன பருத்திப் புடவையில், தோளில் ஒரு துணிப்பையோடு, மீன் வாசனைக்கு மூக்கைச் சுளிக்காமல் இருக்க முயன்றுகொண்டு நின்றாள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள்.

பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். எல்லாரும் பூ வைத்துவிட்டு நகர்ந்த பிறகும் அவள் நின்றாள். திரும்பி வருகிற வழியில், ஏரியைப் பார்த்த சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தோம். நானாகத்தான் கேட்டேன்.

"அக்காவுக்கு ஹார்ட்ல பிரச்சினைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. எங்கம்மாவுக்கும் அதேதான். ஒரு தடவ அம்மாவுக்கு மூச்சு வாங்குதுன்னு பயந்து நர்ஸ் அக்காவுக்கு போன் பண்ணினேன். மாத்திரை பேர சொன்னதும், எனக்கும் இதுதான்டி குடுத்திருக்காங்கன்னு சொல்லிட்டாங்க. வாய் தவறி வந்திருச்சு. யார்கிட்டயும் சொல்லாதன்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அதையும் கேட்டேனுங்க்கா. உங்க பிரெண்டு மருந்து குடுக்கறவங்கதானே, அவங்ககிட்ட சொல்லலாம்லன்னு." கனகா ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தேவுகிட்ட சொன்னா அவ என்னைய கடைக்குக் கூப்புடறத நிறுத்திடுவாள்னாங்க. அப்புறம் மாத்திரை சாப்டியா, கால் வீங்கிருக்கான்னுதான் கேப்பா. என்னால போவ முடியாதுதான், ஆனா கூப்புட ஒருத்தி இருக்கட்டும்னாங்க."

படகுத்துறையில் பசியாவரத்துக்குப் போகிற படகில் ஆள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொன்னேரி ஸ்டேஷனில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவரை நினைத்தேன். ஒவ்வொரு மாதமும் எந்தக் கடைக்கு முதலில் போவது என்று அவ்வளவு நேரம் பேசியதை நினைத்தேன். அவர் போக நினைக்கவில்லை. நான் கூப்பிடுவதைக் கேட்க நினைத்திருக்கிறார். அதில் எனக்கு ஆறுதல் இருந்தது. ஆனால் அதே மூச்சில், இதைக்கூட இவள் வாயால்தானே கேட்கிறேன் என்றும் வலித்தது. என்னைப் பற்றி அவர் சொன்னதிலேயே நல்ல வார்த்தை அது. அது என் காதுக்கு நேராக வரவில்லை.

"உங்களைப் பத்தித்தாங்க்கா எப்பப் பாரு பேச்சு" என்றாள் கனகா. "மோர் குடிச்ச கதை, மாமியார் கதை எல்லாம் சொல்லியிருக்காங்க. கேக்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கும். எனக்கு அப்படிக் கூட வர்றதுக்கு யாருமில்ல. நான் போனுக்கு முன்னாடி தனியாத்தான் பேசிட்டு இருக்கேன். அந்தப் பக்கம் யாரு இருக்காங்கன்னுகூடத் தெரியாது. பேரு மட்டும் ஓடும்."

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "இன்னைக்கு கோயில்ல வெச்சிருந்த போட்டோவுலதான் மொத தடவ அக்கா மூஞ்சியப் பார்த்தேன். போன்ல மாதா படம்தான் வெச்சிருந்தாங்க. நெசத்துல எப்படிங்க்கா இருப்பாங்க?"

எனக்கு அப்போது ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. இவளிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது. சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சேலத்திலிருந்து ராத்திரியெல்லாம் உட்கார்ந்துகொண்டே வந்தவள். நடுத்தர உயரம் என்றேன். கறுப்பு, நல்ல களையான கறுப்பு என்றேன். நடை வேகம், பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டால் வலது பக்கம் கொஞ்சம் சாய்ந்து நடப்பார். சிரித்தால் கீழ் வரிசைப் பல் மட்டும் தெரியும். கோபம் வந்தால் மூக்குத்தியைத் திருகிக்கொண்டே இருப்பார். சொல்லச் சொல்ல அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பஸ் வரும் வரைக்கும் சொன்னேன். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "லைவுக்கு வாங்கக்கா" என்றாள். பார்க்கலாம் என்றேன். இன்னும் போகவில்லை.

அவளிடம் நிறையச் சொல்லிவிட்டேன். ரெஜினா அக்காவைப் பற்றி இந்த ஊரில் ஆளாளுக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். செல்விக்கு அவள் மகளின் பாவாடை. ஜஸ்டினுக்கு அம்மா. கனகாவுக்கு அவர் மறைத்து வைத்திருந்த நோய். நான் அவளுக்குச் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று.

சாயங்கால ரயிலில் திரும்பி வருவோம். பைகளையெல்லாம் மேலே வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்காருவோம். அத்திப்பட்டு தாண்டியதும் ரெஜினா அக்காவுக்குக் கண் செருகும். தலை மெல்லச் சரிந்து என் இடது தோளில் வந்து சாயும். எண்ணெயும் வியர்வையும் புதுத்துணி வாசனையும் கலந்து வரும். நல்ல கனமான தலை. தோள் மரத்துப்போகும். மீஞ்சூர் வரும், அனுப்பம்பட்டு வரும், நான் அசையமாட்டேன். பொன்னேரி வந்ததும் அவராகவே விழித்து, தூங்கவே இல்லை என்பதுபோலப் பையைத் தேடுவார்.

அந்தக் கனம் இன்னும் என் தோளில் இருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். அதில் யாருக்கும் பங்கு தருவதாக இல்லை.